சப்பாத்துக்குப் பொருத்திய கால்

பணிப்பாளரின் மேசையில் ஒரு காலைக் கொண்டுபோய் வைத்தேன்.

இடது கால். முழங்காலுக்குக் கீழே பூட்டுகிற செயற்கைக் கால். மேலே பால்தேத்தண்ணி நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் கூடு, நடுவில் அலுமினியக் குழாய், கீழே ஐந்து விரல்களும் அச்சில் வார்த்த பாதம். கூட்டுக்குள் கடல் மண் ஒட்டியிருந்தது. நான் வைத்த வேகத்தில் அது உதிர்ந்து அவருடைய கோப்புகளின் மேல் விழுந்தது. பக்கத்தில் அந்தக் காலுக்குரிய கறுப்புச் சப்பாத்தையும் வைத்தேன்.

“மிஸிஸ் ஸ்ரெலா, இதென்ன? முதல்ல மேசையில இருந்து எடுங்கோ.”

“எடுக்கிறன் சேர். அதுக்கு முதல் நீங்கள் இதைப் பாக்கவேணும்.”

“நேரம் கேட்டு வந்தனீங்களோ?”

“மூண்டு தரம் கேட்டனான். உங்கட கிளாக்கர் தரேல்லை.”

அவர் மேசை மணியை அடித்தார். பியோன் கதவால் எட்டிப் பார்த்தார். மேசையில் நின்ற காலைக் கண்டதும் தலையை வெளியே இழுத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது.

நான் சத்தம் போடுகிற ஆள் இல்லை. வலியில் கத்துகிறவர்களோடு நாள் முழுதும் வேலை செய்கிறவளுக்குத் தானும் கத்துகிற ஆசை குறைந்துவிடும். ஆனால் அன்றைக்கு எனக்குள் கோபம் கொதித்துக்கொண்டிருந்தது.

ஏன் அந்தக் கொதி என்று சொல்வதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

உருவுற மிஸ்

இந்தத் தொடரின் முதல் பகுதிகளைப் படித்த ஒரு வாசகி, ‘இயன்மருத்துவர் என்றால் உண்மையில் என்ன வேலை?’ என்று கேட்டு எழுதியிருக்கிறார். கோபம் இல்லை, தங்கச்சி. முப்பது வருடமாகப் பதில் சொல்லிப் பழகிய கேள்விதான்.

என் ஊர் தலைமன்னார். அப்பா கடல்காரர். உயர்தரப் பரீட்சையில் டொக்டர் படிப்புக்கு எனக்குப் புள்ளி காணவில்லை. இயன்மருத்துவம் படிக்கக் கொழும்புக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தபோது அப்பா அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“இது என்ன படிப்பு பிள்ளை?”

“ஏலாமப் போன கை காலைத் திரும்ப அசைய வைக்கிற படிப்பு அப்பா.”

“நாரி பிடிச்சா எண்ணெய் போட்டு உருவி விடுவினமே, அதோ? அதுக்கு ஏன் கொழும்புக்குப் போவான்?”

அப்பா சிரித்துக்கொண்டு கேட்டார். பிறகு நான் வேலைக்கு வந்த வைத்தியசாலையில் படித்த பெரிய மனிதர்கள் அதே கேள்வியைச் சிரிக்காமல் கேட்டார்கள். மன்னார் என்றாலே தண்டனை இடமாற்றம் என்று எல்லோரும் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், மன்னாருக்குத்தான் போவேன் என்று கேட்டு வாங்கி வந்தவள் நான். வந்து ஒரு மாதத்துக்குள் வார்ட்டில் எனக்கு ‘உருவுற மிஸ்’ என்று பெயர் விழுந்துவிட்டது.

எனக்குத் தந்த அறை உடைந்த கட்டில்கள் போட்டுவைத்த அறை. அவற்றை வெளியே எடுக்க அனுமதி இல்லை. உடைந்த பொருட்களின் கணக்கெடுப்பு முடியவில்லையாம். அது முடிய நாலு வருடம் எடுத்தது. அதுவரைக்கும் என் நோயாளிகள் துருப்பிடித்த கட்டில் சட்டங்களைப் பிடித்துக்கொண்டுதான் நடந்து பழகினார்கள்.

நடை பழக இரண்டு பக்கமும் பிடிக்கிற கம்பு வேண்டும் என்று எழுதி எழுதி அலுத்து, கடைசியில் வள்ளம் கட்டுகிற ஓடாவியார் ஒருவரிடம் போனேன். “எத்தனை அடி வள்ளம் மிஸ்?” என்று கேட்டார். “வள்ளம் இல்லை அண்ணை, ரெண்டு கம்பு. ஆள் பாரம் தாங்கவேணும்” என்றேன். வள்ளத்துக்கு வைத்திருந்த நல்ல மரத்தில் செய்து, தானே சைக்கிளில் கட்டி இழுத்துக்கொண்டு வந்து பூட்டித் தந்தார். சண்டைக் காலம் முழுதும் கால் போனவர்கள், குண்டுச் சன்னம் பட்டவர்கள், பாரிசவாதம் வந்தவர்கள் எல்லோரும் அந்தக் கம்பைப் பிடித்துத்தான் எழுந்தார்கள்.

கதிரை

மாதக் கூட்டத்தில் டொக்டர்மாருக்குக் கதிரை, தாதிமாருக்குக் கதிரை, மருந்துக் களஞ்சியக்காரருக்கும் கதிரை. எனக்கு மட்டும் கதவோரம். ஒரு மாதம் என் அறையிலிருந்து ஒரு கதிரையை நானே தூக்கிக்கொண்டு போய் இருந்தேன். அடுத்த கிழமை, அரச தளபாடத்தை அனுமதியின்றி இடம் மாற்றியது ஏன் என்று விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. விளக்கம் எழுதினேன்: ‘கால் வலித்தது.’

சண்டை ஓய்ந்து சில வருடங்களில், வெளிநாட்டு உதவியோடு ஒரு நிறுவனம் பட்டினத்து ஓரத்தில் புனர்வாழ்வு நிலையம் ஒன்றைக் கட்டியது. பளிங்குபோல மாபிள் நிலம், சுவர் முழுக்கக் கண்ணாடி. வைத்தியசாலையிலிருந்து என்னை அங்கே வேலைக்கு விடுவித்தார்கள். பொறுப்பாளர் பதவிக்கு நானும் விண்ணப்பித்தேன். இருபது வருடத்துக்கு மேலான அனுபவம், இந்த மாவட்டத்தில் கால் போன ஆட்களின் வீடு வாசல் எல்லாம் தெரியும். ‘முகாமைத்துவத் தகைமை போதாது’ என்று ஒரு வரியில் பதில் வந்தது.

அந்தப் பதவிக்குக் கொழும்பிலிருந்து பணிப்பாளர் வந்தார். ஏதோ ஒரு கந்தோரில் உயர்பதவி வகித்து ஓய்வுபெற்றவர். கிழமைக்கு இரண்டு நாள் வருவார். வந்த முதல் கிழமை என்னைக் கூப்பிட்டு, முழங்காலுக்கு மேலே வெட்டுப்பட்டவருக்கும் கீழே வெட்டுப்பட்டவருக்கும் ஏன் வேறுவேறு கால் கொடுக்கிறோம் என்று கேட்டார். ஒரு தாளில் படம் கீறி விளங்கப்படுத்தினேன். போதிய தகைமை உள்ளவருக்குத் தகைமை போதாதவள் பாடம் எடுத்தாள்.

கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். மரியாதை தெரிந்தவர். என்னை ஒருநாளும் ‘நீ’ என்று பேசியதில்லை. ஆனால் தாளில் எழுதியிருந்தால்தான் அவருக்கு ஒரு விஷயம் நடந்ததாக அர்த்தம்.

படத்துக்காகப் பூட்டி வைத்தவை

மருசலின் தாழ்வுபாடு என்கிற கடற்கரை ஊர்க்காரர். நாற்பது தாண்டியவர். விறகுக்குப் போன இடத்தில் மிதிவெடியில் இடது காலைக் கொடுத்தவர். அதற்கு முன் ஒரு சம்மாட்டியின் வள்ளத்தில் இயந்திரம் பிடித்து ஓட்டினார். சம்மாட்டி என்றால் வள்ளமும் வலையும் வைத்திருக்கிற முதலாளி. கடலுக்குள் எந்த இடத்தில் கல், எந்த இடத்தில் மணல் என்று மருசலினுக்குக் கண்ணை மூடிக்கொண்டும் தெரியும். இயந்திரம் பிடிக்கக் கையும் கண்ணும் போதும். கால் வேண்டியிருப்பது வள்ளத்தில் ஏறவும் இறங்கவும் மட்டும்தான்.

சம்மாட்டி அவருக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். தென்மேற்கிலிருந்து அடிக்கிற சோழகக் காற்றுப் பிடித்துவிட்டால் தாழ்வுபாட்டுக் கரையில் தொழில் செய்ய முடியாது. வள்ளம், வலை, ஆட்கள் எல்லாவற்றையும் கொண்டுபோய் மன்னார்த் தீவின் வடக்குக் கரையில் தங்கித் தொழில் செய்ய வாடி போடுவார்கள். அதற்குப் பிறகு காற்று மாறும்வரை ஆள் மாற்றுவதில்லை. அதனால், “சோழகத்துக்கு முதல் உன்ர காலில வந்து வள்ளத்தில ஏறிக் காட்டு. உன்ர இடம் உனக்குத்தான்” என்று சொல்லியிருந்தார்.

அந்த ஓர் இடத்துக்காக மருசலின் ஆறு கிழமை எங்களிடம் வந்தார். தாழ்வுபாட்டிலிருந்து ஆர் மோட்டார் சைக்கிளில் ஏற்றினாலும் ஏறி வருவார். அவரோடு சேர்த்து மொத்தம் இருபது பேர். கொழும்பிலிருந்து வந்திருந்த இரண்டு தொழில்நுட்பவியலாளர்கள் அளவெடுத்துக் கால் செய்தார்கள். காலோடு ஆளுக்கு ஒரு சோடி கறுப்புச் சப்பாத்தும் உதவியாக வந்திருந்தது. அந்தச் சப்பாத்தைப் போட்டுத்தான் பாதத்தைப் பூட்டினார்கள். அதைப் போட்டுத்தான் மாபிள் நிலத்தில் நடை பழக்கினோம்.

கடைசியில் ஒரு படிவம். பத்து மீற்றர் நடந்தாரா? மூன்று படி ஏறினாரா? இருந்து எழும்பினாரா? எல்லாவற்றுக்கும் சரி போட்டு, ‘பயிற்சி பூர்த்தி’ என்று கீழே ஒப்பம் வைத்தது ஆர்? நான்தான்.

பயிற்சி நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் கால்களை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்கள். கையளிப்பு விழாவில் பிரமுகர் ஒருவர் வந்து கையால் எடுத்துக் கொடுக்க வேண்டுமாம்.

“ரெண்டு நாளைக்கெண்டாலும் வீட்ட குடுத்து விடுவம் சேர். வீட்டில நடந்து பாக்கட்டும்” என்று கேட்டேன்.

“வேண்டாம். ஊத்தையாப் போயிடும். படத்தில பழசு மாதிரி விழும்.”

நான் அதற்கு மேல் வாதாடவில்லை. வாதாடியிருக்க வேண்டும்.

விழா அமர்க்களமாக நடந்தது. பந்தல், மாலை, ஒலிபெருக்கி, இரண்டு மணிநேரம் பிந்தி வந்த பிரமுகர். வெயிலுக்குள் இருபது பேரும் காத்திருந்தார்கள். மருசலின் மேடையில் சப்பாத்துச் சத்தம் கேட்க நடந்து காட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

ஜெசிந்தா கொண்டுவந்த சாக்கு

மூன்றாம் நாள் காலை மருசலினின் மனைவி ஜெசிந்தா நிலையத்துக்கு வந்தார். கையில் ஓர் அரிசிச் சாக்கு. அதை என் காலடியில் வைத்தார்.

“இந்தாங்கோ மிஸ், உங்கட கால்.”

நான் அவரை இருக்கச் சொன்னேன். இருக்கவில்லை. நின்றபடியே நடந்ததைச் சொன்னார்.

விழா முடிந்து வீட்டுக்கு வந்ததும் மருசலின் சப்பாத்தோடு சேர்த்தே காலைக் கழற்றி வைத்திருக்கிறார். வீட்டுக்குள் பழையபடி தவழ்ந்தும் ஊன்றுகோலோடும் திரிந்திருக்கிறார். அடுத்த நாள் விடிய, காலைப் பூட்டிக்கொண்டு கரைக்குப் போயிருக்கிறார். ஊரே பார்த்துக்கொண்டு நின்றதாம்.

“ராசா மாதிரி நடந்து வந்தவர் மிஸ். சம்மாட்டியார் எழும்பி வந்து கையைப் பிடிச்சவர். வள்ளத்தடிக்கு வந்ததும் இவர் என்னட்டச் சப்பாத்தைக் கழட்டச் சொன்னார். நான்தான் நாடாவை அவிட்டன். வள்ளத்தில பிடிச்ச கையை விட்டிட்டு ஒரு எட்டு வைச்சார். அந்தக் கால் ஆளைப் பின்னுக்குத் தள்ளிப்போட்டுது. மல்லாக்க விழுந்தார், தண்ணிக்குள்ள.”

“அடி பட்டதோ?”

“அடியோ? சிரிச்சினம் மிஸ். அவற்ற சொந்த மச்சான்மார் ரெண்டு பேரும் சேர்ந்து சிரிச்சினம். சம்மாட்டியார், ‘மருசலின், இந்தமுறை நீ கரையில நில்’ எண்டிட்டார். அண்டையில இருந்து மனுசன் ஒருத்தரோடயும் கதைக்கிறேல்லை.”

பிறகு என்னை நேரே பார்த்துக் கேட்டார்: “சப்பாத்தோட ஏறியிருக்கலாம் எண்டு சொல்லப்போறியளோ?”

நான் அப்படிச் சொல்லவில்லை. சொல்ல என்னால் முடியாது. எங்கள் கரையில் வள்ளத்துக்குள் ஆரும் செருப்போடு கால் வைப்பதில்லை. சுவாமியார் வந்து செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்து, அந்தோனியார் பெயரோ அன்னம்மாள் பெயரோ எழுதிக் கடலில் இறக்குகிற வள்ளம் அது. சின்ன வயதில் நான் ஒருதரம் என் புதுச் செருப்பை அப்பாவின் வள்ளத்துக்குள் போட்டேன். அப்பா ஒரு வார்த்தை பேசாமல் அதை எடுத்துக் கடலுக்குள் எறிந்தார். வீடு வரைக்கும் சுடுமணலில் அழுதுகொண்டு நடந்தேன்.

அப்படி வளர்ந்தவள்தான் ஒரு கடல்காரனைச் சப்பாத்தோடு ஆறு கிழமை நடத்தி, பூர்த்தி என்று ஒப்பம் வைத்தாள். கொழும்பிலிருந்து வந்தவருக்குத் தெரியாது. தொழில்நுட்பவியலாளருக்கும் தெரியாது. எனக்குமா தெரியாது? பணிப்பாளரில் கோபப்பட முதல் என் கன்னத்தில் நானே ஒன்று போடவேண்டும்போல இருந்தது.

இதில் பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. அந்தச் சப்பாத்தின் குதி ஒரு பெருவிரல் தடிப்பு உயரம். அந்த உயரத்துக்கு ஏற்றபடி பாதத்தைச் சரித்துப் பூட்டியிருந்தார்கள். சப்பாத்தைக் கழற்றினால் குதி கீழே இறங்கும், குழாய் பின்னுக்குச் சரியும், அதோடு ஆளும் சரிவார். பரீட்சையில் நானே எழுதிப் புள்ளி வாங்கிய பாடம்.

ஆயிஷாவின் செருப்புத் துண்டு

மற்றவர்களுக்கு என்ன நடந்ததோ என்று பயம் பிடித்துவிட்டது. இரண்டு நாள் லீவு போட்டு, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். பாதிப் பேருக்கு மேல் காலை உறையில் போட்டு அலுமாரிக்கு மேலே வைத்திருந்தார்கள். “நல்ல கால் மிஸ், கோயில் திருநாளுக்குப் போடலாம்” என்றார் ஒருவர். கோயிலுக்குள்ளும் செருப்பைக் கழற்ற வேண்டும் என்று அவருக்கு ஞாபகப்படுத்த எனக்கு வாய் வரவில்லை.

முசலியில் ஆயிஷா வீடு. புத்தளத்தில் நீண்டகாலம் அகதியாக இருந்துவிட்டு ஊர் திரும்பி, வீட்டு வளவு துப்புரவாக்கும்போது மிதிவெடியில் காலை இழந்த பெண். என்னைக் கண்டதும் முற்றத்துக்கு இறங்கி வந்தார். வெறுங்காலில், ஒரு சாய்வும் இல்லாமல். நான் மோட்டார் சைக்கிளை நிறுத்த மறந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் சிரித்துக்கொண்டு பாதத்தைத் திருப்பிக் காட்டினார். குதியின் அடியில் ஒரு றப்பர்த் துண்டு. சைக்கிள் டியூப்பைக் கிழித்து இறுக்கிக் கட்டியிருந்தார்.

“தொழுறதுக்கு முதல் வுழூச் செய்யக் கழட்டினன் மிஸ், பின்னால இழுத்துக்கொண்டு போச்சுது. சப்பாத்தோட தொழ ஏலுமோ? பழைய செருப்பின்ர குதியை வெட்டிக் கட்டிப் பாத்தன். இப்ப பிழையில்லை.”

“எங்களுக்கு ஏன் சொல்லேல்லை ஆயிஷா?”

“நீங்கள் கேக்கேல்லையே.”

எத்தனையோ பயிற்சிப் பட்டறைக்குப் போயிருக்கிறேன். இந்த இரண்டு சொல்லில் பட்ட சூடு ஒன்றிலும் பட்டதில்லை.

ஆனால் றப்பர்த் துண்டு கடலுக்குச் சரிவராது. அலையில் கழன்றுபோகும், ஈரப் பலகையில் வழுக்கும். மருசலினுக்குப் பாதத்தையே திருத்திப் பூட்டவேண்டும். குழாயும் பாதமும் சேருகிற இடத்தில் நாலு சிறிய திருகாணிகள். ஒன்றை இளக்கி எதிர்ப்பக்கத்து ஆணியைக் கால் சுற்று இறுக்கினால் வேலை முடிந்தது. அதற்குத் திருகுகிற சாவி ஒன்று போதும். ஆனால் கையளித்த காலில் கை வைக்கப் பணிப்பாளரின் எழுத்து அனுமதி வேண்டும். தொழில்நுட்பவியலாளர் தவிர வேறொருவரும் தொடவும் கூடாது. அவர்கள் மாத முடிவில் கொழும்புக்குத் திரும்புகிறார்கள். சோழகம் அதற்கு முன்னமே வந்துவிடும்போல இருந்தது.

மறுபடியும் மேசை

இப்போது விளங்கியிருக்கும், பணிப்பாளரின் மேசையில் அந்தக் காலை நான் ஏன் வைத்தேன் என்று.

சப்பாத்தைப் போட்டு நிறுத்திக் காட்டினேன். குழாய் நேராக நின்றது. சப்பாத்தைக் கழற்றி நிறுத்தினேன். குழாய் பின்னுக்குச் சரிந்தது. கையை விட்டேன். கால் தொம்மென்று கோப்புகளின் மேல் விழுந்தது.

“இப்பிடித்தான் சேர் மருசலினும் விழுந்தவர்.”

அவர் மண்ணைத் தட்டிவிட்டு, “அப்ப சப்பாத்தைக் கழட்டாமல் இருந்திருக்கலாமே. அறிவுறுத்தல் அட்டையில தெளிவா இருக்கு” என்றார்.

“அந்த அட்டை இங்கிலீசிலயும் சிங்களத்திலயும் இருக்கு சேர். மருசலின் தமிழையே எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார்.”

“அப்ப வாசிச்சுச் சொல்லியிருக்க வேண்டியது நீங்கள். படிவத்தில உங்கட ஒப்பம்தானே இருக்கு?”

“ஓம் சேர். என்ர பிழைதான். அதை எழுதித் தாறன். இப்ப காலைத் திருத்துவம்.”

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. “இருவது பேருக்கும் பூர்த்தி எண்டு அறிக்கை போயிட்டுது. இப்ப கால் பிழை எண்டு எழுதேலாது. பாவிச்ச விதம் பிழை எண்டு அவரே எழுதித் தந்தால், அதை வைச்சு அடுத்த கொமிற்றியில திருத்தத்துக்கு அனுமதி கேக்கலாம்.”

“உங்கட கொமிற்றி கூடும்வரைக்கும் சோழகம் பொறுத்துக்கொண்டு நிக்குமோ சேர்?”

“நானே போய் வாக்குமூலம் எடுக்கிறன். நீங்களும் வாங்கோ.”

விழுந்தவன், தான் விழுந்தது தன் பிழை என்று ஒப்பம் வைத்தால்தான் நாலு ஆணி திருகலாம். கேட்டுக்கொண்டு நின்ற என்னை நினைத்தால் இன்றைக்கும் பத்திக்கொண்டு வருகிறது.

வாசலில்

அடுத்த நாள் பணிப்பாளரின் வாகனம் தாழ்வுபாட்டுக்குப் போனது. வழியெல்லாம் கருவாடு காய்ந்த மணம். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

மருசலின் உள்ளே ஒரு கதிரையில் இருந்தார். ஜெசிந்தா இன்னொரு கதிரையைத் துடைத்துப் போட்டார். பணிப்பாளர் வாசற்படியில் நின்றார். குனிந்தார். நாடாவை அவிழ்த்தார். இரண்டு சப்பாத்தையும் கழற்றி, சுவரோரமாக ஒன்றாக வைத்துவிட்டு, காலுறையோடு உள்ளே வந்தார். கழற்றச் சொல்லி ஆரும் சொல்லவில்லை.

கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து வாசித்தார். ‘வழங்கப்பட்ட அறிவுறுத்தலுக்கு மாறாக நான் சப்பாத்தைக் கழற்றியமையால்…’ வாசித்து முடித்துப் பேனாவை நீட்டினார். மருசலின் பேனாவைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஐயா, ஒண்டு கேக்கிறன், கோவிக்கக்கூடாது. நீங்கள் ஏன் சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வந்தனீங்கள்?”

“வீட்டுக்கு வாறதெண்டால்…” என்று தொடங்கியவர் நிறுத்திவிட்டார்.

“உங்களுக்கு வீடு மாதிரித்தான் ஐயா எனக்கு வள்ளம்.”

ஜெசிந்தா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். ஒருவரும் தொடவில்லை. பணிப்பாளர் அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். வெளியே வந்து நாடா கட்ட அவருக்கு வெகுநேரம் எடுத்தது. குனிந்தபடியே, “அனுமதிக்கு எழுதித் தாங்கோ மிஸிஸ் ஸ்ரெலா. வாக்குமூலம் தேவையில்லை” என்றார்.

வென்றுவிட்டோம் என்று நினைத்தேன்.

அன்று பின்னேரமே எழுதிக் கொடுத்தேன். அவர் ஒப்பம் வைத்தார். அதற்கு மேலே கொழும்பில் இன்னோர் ஒப்பம் வேண்டுமாம். அந்த ஆள் பயிற்சி ஒன்றுக்காக வெளிநாடு போயிருந்தார். ஒரு நாள், இரண்டு நாள், ஒரு கிழமை. நான் தினமும் தொலைபேசி எடுத்தேன். ‘மேசையில இருக்கு, வருவார்’ என்றார்கள்.

ஆணி திருகுகிற சாவி என் மேசை லாச்சிக்குள்தான் இருந்தது. ஒருநாள் அதை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு தாழ்வுபாட்டுக்குத் திரும்புகிற சந்தி வரைக்கும் போனேன். ஓய்வூதியத்துக்கு இன்னும் சில வருடங்கள்தான் இருக்கின்றன, ஒழுக்காற்று விசாரணை என்று வந்தால் என்ன செய்வேன் என்று யோசித்தேன். திரும்பி வந்து சாவியை லாச்சிக்குள் போட்டுவிட்டேன். மற்றவர்களில் உள்ள கோபமெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்திருக்கிறது. இது தணியவில்லை.

கால் சுற்று

அனுமதி வந்தது. தொழில்நுட்பவியலாளர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு தாழ்வுபாட்டுக் கரைக்கே போனேன். மாபிளில் வேண்டாம், மணலில் வைத்துப் பூட்டுவோம் என்று பிடிவாதமாக நின்றேன். அந்தப் பொடியன் நல்லவன். மணலில் முழங்காலில் இருந்து, ஆணியை இளக்கி, இறுக்கி, நடக்க விட்டு, மறுபடி இளக்கி, இறுக்கினான். ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

மருசலின் வெறுங்காலில் பனையடியிலிருந்து தண்ணீர்வரை நடந்தார். முழங்கால் அளவு தண்ணீருக்குள் இறங்கி நின்றார். அலை அடித்தது. விழவில்லை. திரும்பி வந்தார்.

கரையில் வள்ளம் ஒன்றும் இல்லை. மூன்று நாளுக்கு முன் சோழகம் பிடித்துவிட்டது. சம்மாட்டி ஆட்களோடு வடக்குக் கரைக்குப் போய் வாடியும் போட்டாயிற்று. மருசலினின் இடத்தில், அன்றைக்குச் சிரித்த மச்சான்மாரில் இளையவர் இயந்திரம் பிடிக்கிறார்.

ஜெசிந்தா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். “இப்ப வடிவா நடக்கிறியள்” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

அதே மாதம் பணிப்பாளரின் ஒப்பந்தக் காலம் முடிந்தது. மன்னாருக்கு வரக் கொழும்பில் ஒருவரும் விண்ணப்பிக்கவில்லை. நிலையத்துக்குப் பொறுப்பாளராக என்னை நியமித்துக் கடிதம் வந்தது. போதாமல் இருந்த என் தகைமை எப்போது போதுமானதாக மாறியது என்று கடிதத்தில் எழுதியிருக்கவில்லை. ஆனால் இந்தக் கடிதம் பிந்தவில்லை. ஒப்பம் வைத்த மறுநாளே சாரதி கையில் கொடுத்துவிட்டார்கள்.

திருப்பி எறிந்துவிடலாமோ என்று நினைத்தேன். எறிந்தால் அந்தக் கதிரைக்கு மறுபடியும் தாளை மட்டும் நம்புகிற ஒருவர்தான் வருவார். ஏற்றுக்கொண்டேன். முதல் வேலையாகப் படிவத்தை மாற்றினேன். செய்த கால் இரண்டு கிழமை ஆளின் வீட்டில் இருக்கவேண்டும். வாசலில், வயலில், கரையில், வெறுங்காலில் நடந்து பார்க்கவேண்டும். பூர்த்தி என்று ஒப்பம் வைப்பது போட்டிருக்கிறவர், நாங்கள் இல்லை.

அந்தக் கிழமையே மருசலின் நிலையத்துக்கு வந்தார். பட்டி ஒன்று இளகியிருந்தது. அதைச் சரிசெய்து கொடுத்துக்கொண்டே புது ஒழுங்கைச் சொன்னேன். கவனமாகக் கேட்டார்.

“அப்ப இனி ஆணி திருக ஆரிட்டக் கேக்கவேணும் மிஸ்?”

“என்னட்டச் சொன்னாக் காணும். அண்டைக்கே செய்து தருவம்.”

அவர் காலைப் பூட்டிக்கொண்டு எழுந்து நின்றார்.

“இந்தக் கதிரையை உங்களுக்கு ஒரு மாசம் முந்திக் குடுத்திருந்தா, நான் இப்ப கடல்ல நிப்பன்.”